ஆஸ்பத்திரியின் உக்கிராணம்: மருத்துவத் தகவல் மேலாண்மை எப்படி இயங்குகிறது?

கல்யாணச் சமையலில் பேர் வாங்குகிறவர் சமையல் மாஸ்டர். ரசம் வாய்க்கு விளங்கினால் அவரைத்தான் கூப்பிட்டுச் சொல்வார்கள். அடுக்களைக்குப் பக்கத்தில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அங்கே இருப்பவர் கரண்டியைத் தொடுவதில்லை. கடையிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார். மாஸ்டர் கேட்டதை அளந்து கொடுத்து நோட்டில் எழுதுவார். எத்தனை பந்தி, எத்தனை இலை என்று கணக்கு வைப்பார். வாடகைக்கு வந்த அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் எண்ணிக்கை குறையாமல் திரும்புகின்றனவா என்று பார்ப்பார். அறைச் சாவி அவர் மடியில் இருக்கும். அவர் சரியில்லை என்றால் எவ்வளவு கைதேர்ந்த மாஸ்டரும் மூன்றாம் பந்தியில் தடுமாறிப் போவார்.

பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் அதற்குள் இப்படி ஓர் உக்கிராணம் இருக்கிறது. எம்.ஆர்.டி. என்பார்கள்; மருத்துவ ஆவணத் துறை. பெரும்பாலும் தரைத்தளத்தின் கோடியில், ரேக்குகளும் கட்டுக்கட்டாகக் கேஸ் ஷீட்டுகளுமாக இருக்கும். இப்போது கணினிகளும் வந்துவிட்டன. அந்த அறையை நடத்தக் கற்றுத் தருவதுதான் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் என்ற இளநிலைப் பட்டப் படிப்பு. திருவள்ளூர் மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், “நோயாளியையே தொடாத படிப்பு எப்படி மருத்துவப் படிப்பாகும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலை அந்த மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியிலேயே காணலாம்.

சென்னையிலிருந்து ஆந்திர எல்லை நோக்கிப் போகும் புறநகர் ரயில் பாதையில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. கொல்கத்தா நெடுஞ்சாலையும் அந்த வழியாகத்தான் போகிறது. அங்குள்ள சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படக் கூடங்கள், பிரஸ் ஷாப்புகள். பக்கத்துத் தேர்வாய்க்கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலை. உள்ளூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் ஷிப்ட் பார்க்கிறார்கள். பிரஸ் மெஷினில் நிற்கும் ஓர் ஒடிசா இளைஞருக்கு வலது கை ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் அரசு மருத்துவமனையில் ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டு சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை அங்கே இருக்கிறது. நசுங்கிய கைகளுக்கு நாடறிந்த இடம் அது. விரலில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றி அனுப்புகிறார்கள். அதன் பிறகு, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. ஆக, மூன்று இடம், மூன்று கட்டுக் காகிதம். டாக்டர்களின் வேலை முடிந்துவிட்டது. அந்த இளைஞருக்கு இனி வரவேண்டிய விடுப்புச் சம்பளம், இழப்பீடு எல்லாம் அந்தக் காகிதங்களை நம்பித்தான் இருக்கின்றன.

உக்கிராணக்காரர் முதலில் பார்ப்பது, இறங்குகிற மூட்டை எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு உரியது என்பது. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் நடக்கும் மண்டபத்தில் இது தவறினால் மற்ற எல்லாம் தவறும். ஆஸ்பத்திரியில் அந்த முதல் வேலை நோயாளியின் அடையாளம். இளைஞரின் பெயர் அவருடைய மொழியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஓ.பி. சீட்டில் எழுதியவர் காதில் விழுந்தபடி ஒரு மாதிரி. சஞ்சய், சஞ்சை, சன்ஜய் என்று மூன்று இடத்தில் எழுதினால் கணினிக்கு அவர் மூன்று ஆள். பழைய கோப்பில் ‘பென்சிலின் ஒவ்வாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கலாம். புதிய கோப்பில் அது இருக்காது. அதே மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஓர் ஆளுக்கு ஓர் எண், அந்த எண்ணுக்குக் கீழ் அவருடைய எல்லா வருகையும் என்று மூலப் பட்டியல் ஒன்றைக் கட்டிக் காப்பது இந்தப் படிப்பின் அடிப்படைப் பாடம். பெயர் மட்டும் ஒத்தால் போதாது. தகப்பன் பெயர், வயது, ஊர், தொலைபேசி எண் என எவை ஒத்தால் ஒரே ஆள் என்று கொள்ளலாம், எவை முரண்பட்டால் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் தரும் 14 இலக்க ஆபா எண்ணும் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான். ஆனால் எண்ணை ஒரு கோப்போடு சரியாகப் பிணைப்பவர் ஒரு மனிதர். அவர் தப்பாகப் பிணைத்தால் தப்பு மின்னல் வேகத்தில் எல்லா ஊருக்கும் போகும்.

அடுத்தது சரிபார்ப்பு. பந்தி முடிந்ததும் வாடகைப் பாத்திரத்தை எண்ணுவதுபோல, நோயாளி வீட்டுக்குப் போனதும் கேஸ் ஷீட் எம்.ஆர்.டி.க்கு வந்து சேரும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா, மயக்க மருந்துக் குறிப்பு இருக்கிறதா, அறுவைக் குறிப்பில் டாக்டர் கையெழுத்திட்டாரா, எக்ஸ்ரே அறிக்கை சேர்ந்திருக்கிறதா, டிஸ்சார்ஜ் சம்மரி முழுமையா என்று தாள் தாளாகப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் வலது கை, இன்னொன்றில் இடது கை என்றிருந்தால் கோப்பு வார்டுக்குத் திரும்பும். எழுதியதை அழிப்பதோ வெள்ளை மை பூசுவதோ கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, எழுதியவரே தேதியுடன் கையெழுத்திட வேண்டும். எம்.ஆர்.டி. ஊழியர் தாமாக ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

இந்த இடத்தில் ஏ.ஆர். பற்றிச் சொல்லியாக வேண்டும். விபத்துப் பதிவேடு. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் காயத்தோடு யார் வந்தாலும் “ஏ.ஆர். போட்டாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், எப்படி அடிபட்டது என்று சொல்கிறார் என்பதெல்லாம் அதில் ஏறும். தமிழ் தெரியாத தொழிலாளியைக் கூட்டி வந்த மேஸ்திரி “கீழே விழுந்துட்டான் சார்” என்று சொல்லி, அதுவே பதிவாகிவிட்டால், பிரஸ் மெஷின் அந்தக் காகிதத்துக்குள் வராமலே போய்விடும். பல மாதம் கழித்து இழப்பீடு கேட்கும்போது முதலில் புரட்டப்படும் தாள் அதுதான். நோயாளியின் மொழியில் கேட்டு எழுத ஏற்பாடு செய்வதும், ‘எப்படி, எங்கே, எந்த வேலையின்போது’ என்ற மூன்று கேள்விகளும் படிவத்திலேயே இருக்கும்படி வடிவமைப்பதும் மருத்துவத் தகவல் மேலாளரின் பொறுப்பு. மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஒரு குடும்பத்தின் சோறு அதில் இருக்கிறது.

இனி கோடிங். மாஸ்டர் அவசரத்தில் “பருப்பு ரெண்டு படி” என்று குரல் கொடுப்பார். துவரையா, கடலையா, பாசியா? உக்கிராணக்காரர் சாம்பாரா, போளியா, பாயசமா என்று கேட்டுத்தான் அளப்பார். டாக்டர் எழுதுவதும் அப்படித்தான். ஒருவர் ‘விரல் நசுங்கல்’ என்பார், ஒருவர் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்துப் போடுவார், ஒருவர் லத்தீன் சொல் எழுதுவார். உலகமெங்கும் ஒரே அர்த்தம் வர, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. வகைப்பாடு இருக்கிறது. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது அது. நம் ஆஸ்பத்திரிகள் பழகியிருப்பது பத்தாம் பதிப்பு. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நம் இளைஞரின் விரல் துண்டிக்கப்பட்டிருந்தால் பத்தாம் பதிப்பில் அது எஸ் 68.1. அது காயத்தின் குறி. காரணத்துக்குத் தனிக் குறி உண்டு: இயந்திரத்தில் பட்டது, டபிள்யூ 31. அதன் பின் ஒட்டும் 6 என்ற இலக்கம், நடந்த இடம் தொழிற்சாலை அல்லது கட்டுமானப் பகுதி என்று சொல்லும். இன்னொரு இலக்கம் 2, கூலிக்கு வேலை செய்யும்போது நடந்தது என்று சொல்லும். பின்னால் வரும் இந்த இரண்டு இலக்கத்தைப் போடாமல் விட்டுவிடுவது எளிது, கேட்பார் இல்லை. அவை விடுபட்டால் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் எத்தனை விரல்கள் வேலைத்தலத்தில் போயின என்ற கேள்விக்கு மருத்துவமனைப் பதிவிலிருந்து பதில் எடுக்க முடியாது. வயலில் பாம்பு கடித்தவருக்கும் இதே கதைதான்: விஷத்துக்கு டி 63.0, பாம்போடு நேர்ந்ததற்கு எக்ஸ் 20. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யத்தக்கதாக ஆக்கியது. விஷமுறிவு மருந்தை எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்று திட்டமிட இந்தக் கணக்கு வேண்டும்.

குறி எண்ணிக்கைக்கு உதவும். எல்லாவற்றையும் அது தாங்காது. இது மாணவர்கள் ஆழமாக உணர வேண்டிய இடம். எஸ் 68.1 என்றால் கட்டைவிரல் தவிர வேறொரு விரல் போயிற்று என்று பொருள். எத்தனை கணு போயிற்று என்று அது சொல்லாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையோ கணுக் கணுவாக எண்ணியது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. இரண்டு கணு போனால் 11. ஒரு கணுவுக்கு 9. எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போனால் 5. கட்டைவிரல் என்றால் 30. ஆகவே அறுவைக் குறிப்பில் ‘விரல் நுனி’ என்று மொத்தையாக எழுதிய ஒரு சொல், எலும்பும் போயிருக்கும்பட்சத்தில், 9க்கும் 5க்கும் இடையில் அந்த மனிதரை நிறுத்திவிடும். சதவீதத்தை முடிவு செய்வது மருத்துவக் குழுதான். அந்தக் குழுவின் முன்னால் இருப்பது எக்ஸ்ரேயும் கோப்பும். விரலில் மூன்று எலும்பு, கட்டைவிரலில் இரண்டு என்று முதல் வருடத்தில் உடற்கூறியல் படிக்க வேண்டியிருப்பது இதற்காகத்தான். உடம்பு தெரியாதவருக்கு, அந்தக் குறிப்பில் ஏதோ குறைகிறது என்று தோன்றவே தோன்றாது.

வார்ப்படக் கூடத்துத் தொழிலாளிக்கு வேறு ஆபத்து. அச்சுக்கு மணல், மணலில் சிலிக்கா. பல வருடம் அந்தத் தூசியைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் கல்லாகிறது, சிலிக்கோசிஸ். இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு என்று வந்து நிற்பதால் காசநோய் என்றே எடுத்துக்கொள்ளப்படும் அபாயம் அதிகம். காசநோய் என்று பதிவானால் அது அவர் உடம்பின் துரதிர்ஷ்டம். சிலிக்கோசிஸ், ஜே 62, என்று பதிவானால் அது தொழில்நோய். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு அதைத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னது. நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர். ஆனால் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் சந்தேகம் எழவே வழியில்லை. ‘வார்ப்படக் கூடம், மணல் வேலை, 12 வருடம்’ என்று எழுதியிருந்தால் எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண்ணே மாறும்.

இறப்புச் சான்றுக்கு வருவோம். கல்யாணத்தில் பாயசம் திரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று கேட்டால் “திரிந்துவிட்டது” என்று திரும்பச் சொல்வது பதிலாகாது. பால் புளித்திருந்தது, ஏனென்றால் காலையில் வந்த கேன் வெயிலில் கிடந்தது. அடுத்த முகூர்த்தத்தில் திருத்த வேண்டியது அந்தக் கடைசிக் காரணத்தை. ‘இதயம் நின்று மரணம்’ என்று எழுதுவதும் இப்படித்தான்; எல்லா மரணத்திலும் இதயம் நிற்கிறது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மருத்துவமனை மரணங்களுக்கு நிரப்பப்படும் நான்காம் எண் படிவம், உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த காரணம் என்று படிப்படியாகக் கேட்கிறது. நாட்டின் இறப்புக் காரணக் கணக்கு அந்த அடிக் காரணத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. அந்தப் படிவத்தைப் படித்து, வரிசை பொருந்தாவிட்டால் டாக்டரிடம் பணிவாகக் கேட்கத் தெரிவது ஒரு கலை. படிப்பில் அதற்கும் பயிற்சி உண்டு.

இலைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 படுக்கை, 30 நாள். மொத்தம் 3,000 படுக்கை நாள். அதில் 2,400 நாள் ஆள் இருந்தால் நிரம்பல் விகிதம் 80 விழுக்காடு. சராசரியாக ஒருவர் எத்தனை நாள் தங்கினார், எந்த வார்டில் கிருமித்தொற்று கூடுகிறது என்பனவும் இதே நோட்டிலிருந்து வருபவை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கோரவும் இந்த ஆவணங்கள் வேண்டும்.

சாவி பற்றி இன்னும் கொஞ்சம். உக்கிராணத்துக்குள் எல்லாரும் நுழையலாம் என்றால் அது உக்கிராணமே இல்லை. கம்பெனி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது: “நம்ம ஆள்தான், அடிபட்டு வந்தப்போ குடிச்சிருந்தானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.” சொல்லக் கூடாது. நோயாளியின் சம்மதமோ, சட்டப்படியான ஆணையோ இல்லாமல் கோப்பை யாருக்கும் திறக்கக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே கட்டுப்படுத்துகிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வேலைக்கு எடுத்தவர் கையில் மருத்துவ ரகசியம் போனால் தொழிலாளிக்கு வேலையே போகலாம். இந்தப் படிப்பில் சட்டத் தாளை வெறும் மனப்பாடமாக முடித்துவிடும் மாணவர் அந்த மேசைக்குத் தகுதியானவரில்லை என்பதே என் கருத்து.

படிப்பின் உள்ளடக்கம் இப்போது ஓரளவு தெரிந்திருக்கும். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல் ஆகியவற்றில் அடிப்படை, மருத்துவச் சொற்கள், ஐ.சி.டி. வகைப்பாடு, உயிர்ப் புள்ளியியல், கொள்ளைநோயியல், தரவுத்தளம், மின்னணு மருத்துவப் பதிவேடு, சட்டம், கடைசியில் மருத்துவமனையிலேயே பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் மருத்துவ ஆவணப் பயிற்சியில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவை. மணிப்பாலில் இதே பெயரில் பி.எஸ்சி. இருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் இந்தத் தொழிலைத் தன் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்த்தது. அந்தச் சட்டப்படி ‘சுகாதாரத் தொழிலர்’ என்று சொல்லிக்கொள்ள மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப் படிப்பு வேண்டும். 2025இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பத்துப் பாடத்திட்டங்களில் இதற்கும் ஒன்று இருந்தது.

இதையும் சில மாத ‘மெடிக்கல் கோடிங்’ வகுப்பையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. சென்னையின் கோடிங் கம்பெனிகளில் ஏராளமானோர் வேலை பார்க்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டுக் கோரிக்கைக்கு, அமெரிக்கா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட தனிப் பதிப்பில் குறி போடும் வேலை. கௌரவமான வேலை, குடும்பங்களைத் தாங்குகிறது. ஆனால் அது இந்தப் படிப்பின் ஒரு தாள்தான். ரயிலேறி சென்னைக்குப் போய் இன்னொரு நாட்டு நோயாளியின் விரலுக்கு நுணுக்கமாகக் குறி போடத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் போன விரலுக்கு அதே நுணுக்கம் கிடைக்க வேண்டாமா? 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திருவள்ளூரில் இருக்கிறது. டாக்டர்களை உருவாக்கும் அந்தக் கட்டடத்துக்கு இணையாக, படித்துப் பட்டம் பெற்ற ஆவணப் பணியாளர்களையும் அரசு ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் நியமிக்க வேண்டும். தொழிற்பேட்டை உள்ள வட்டங்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சேர நினைக்கும் மாணவர்கள் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், பாடத்திட்டம் ஆணையத்தின் 3,600 மணி நேரத்தைத் தொடுகிறதா? பயிற்சி எந்த மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யில், எத்தனை மாதம்? உண்மையான கேஸ் ஷீட்டை வைத்துக் குறி போடச் சொல்லித் தருவார்களா, புத்தகத்தோடு முடிந்துவிடுமா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கை, எந்த விரல், எத்தனை கணு, எந்த மெஷின் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்து வையுங்கள். உள்நோயாளியாக இருந்த ஆவணங்களின் நகலை எழுதிக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கவும் வேண்டும்.